அம்மாவுக்கு நான் உடுத்திவிட்ட கெபாயா

பதினேழு வயதில் எனக்கு வாய் அதிகம். எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் உலகம் தெரியாது என்ற நினைப்பு வேறு. இங்கிலீஷ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மலாக்காவின் காஜா பெராங்கில் வளர்ந்தவள் என்பதால் மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பா ஆஸ்பத்திரியில் அட்டெண்டன். காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு காலையில் சைக்கிளை எடுத்தால் சாயங்காலம்தான் வீடு திரும்புவார். அம்மா வீட்டோடு இருந்தார். குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை அங்கேயே பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சந்தை மலாய்தான். மீன் என்ன விலை, கொஞ்சம் குறைத்துக் கொடு, கத்தரிக்காய் முற்றல் என்பதோடு அது முடிந்துவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு சிட்டிக் குடும்பம் இருந்தது. பல தலைமுறைக்கு முன் மலாக்காவுக்கு வியாபாரத்துக்கு வந்து இந்த மண்ணிலேயே ஊன்றிப்போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். எங்களைப் போலவே கோயிலுக்குப் போவார்கள், விபூதி பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் இடுப்பில் கட்டுவது சாரோங், மேலே சட்டையாகப் போடுவது கெபாயா. அந்த வீட்டு அம்மாளை நான் அத்தை முறையில் மக்சிக் என்று கூப்பிடுவேன், அம்மா 'அக்கா' என்பார். அம்மாவுக்கு அரைகுறை மலாய், மக்சிக்குக்குத் தமிழில் நாலு சொல். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வேலியோரம் நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள். என்னதான் பேசுவார்கள் என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

ஒருநாள் பண்டார் ஹிலிரில் பீங்கான் சாமான் விற்கும் கடைக்கு மூன்று பேரும் போனோம். கடைப்பையன் மக்சிக்கைப் பார்த்ததும் முக்காலியைத் துடைத்துப் போட்டான். அம்மா ஒரு தட்டைக் கையில் எடுத்தார். அதே பையன் ஓடிவந்து, தொடவேண்டாம், உடைந்துவிடும் என்று தட்டைப் பிடுங்கி வைத்தான். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மக்சிக் முக்காலியில் உட்காரவே இல்லை. எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அன்றைக்கு வீடு வந்து சேர்வதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். குற்றம் சேலையில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நிறம், ஒரே வயசு, ஒரே கோயில். ஒருத்திக்கு முக்காலி, ஒருத்திக்கு அதட்டல் என்றால் நடுவில் இருக்கும் வித்தியாசம் துணி ஒன்றுதான். கடைப்பையன் செய்த காரியத்துக்கு அவன் மேல் வரவேண்டிய கோபம் எப்படியோ சுற்றிவளைத்து அம்மாவின் சேலை மேல் வந்து விழுந்தது. அதில் இருந்த கோணல் அந்த வயசில் எனக்குத் தெரியவில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். பிரஜா உரிமைப் பத்திரம் என்ற பேச்சுதான் எங்கும். முதல் ஒரு வருஷம் மலாய் பேசத் தெரியுமா என்று பார்க்காமலே மனுக்களை வாங்கினார்கள். அப்பா தனக்கு எடுத்துக்கொண்டார். வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன அவசரம் என்று அம்மாவுக்கு எடுக்காமல் கோட்டை விட்டார். சலுகை முடிந்த பிறகுதான் அவருக்கு விழிப்பு வந்தது. இனி அதிகாரி முன்னால் போய் மலாயில் பதில் சொல்லவேண்டும் என்றார்கள். அம்மாவிடம் பிறப்புப் பத்திரமும் கிடையாது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எழுதி வைத்திருந்த நோட்டு ஜப்பான்காரன் காலத்தில் போன இடம் தெரியவில்லை.

பத்திரம் இல்லாதவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று ஒரு புரளி அப்போது உலவியது. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவருடைய உடன்பிறந்த அக்கா, புருஷனுக்கு வயசாகி வேலை விட்டதும், தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவர். அதன் பிறகு இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. எங்களை விட்டுப் பிரித்து, தான் பார்த்தே இராத ஒரு ஊருக்குத் தன்னை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு பத்திரத்துக்காக அவர் சோறு தண்ணி மறந்து கிடந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் நான் தலைமேல் போட்டுக்கொண்டேன். பேர் என்ன, வீடு எங்கே, எத்தனை பிள்ளைகள், புருஷனுக்கு என்ன வேலை என்று கேள்விகளை நானே தயாரித்து, பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். அம்மா நன்றாகவே சொன்னார். அதோடு விட்டிருக்கவேண்டும். நான் விடவில்லை. சேலை கட்டிப் போகவேண்டாம், மக்சிக்கின் சாரோங் கெபாயாவைக் கட்டிக்கொண்டு போகலாம் என்றேன். பார்த்த மாத்திரத்தில் அதிகாரிக்கு இது இந்த நாட்டுப் பொம்பளை என்று தோன்றவேண்டும், தோன்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். பயந்தவர்களுக்கு யார் சொல்வதும் நியாயமாகப் படும். கடைசியில் சரி என்றார்.

மக்சிக்கிடம் பொய் சொன்னேன். அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஆசை, கேட்க வெட்கப்படுகிறார் என்றேன். அவர் சந்தோஷப்பட்டு, பெட்டியிலிருந்து நல்லதாகவே எடுத்துக் கொடுத்தார். வெளிர் பச்சையில் ஓரமெல்லாம் பூவேலை செய்த கெபாயா, பழுப்பு நிறத்தில் பாத்தேக் அச்சுப் போட்ட சாரோங். கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. கெரோங்சாங் என்று மூன்று நகை ஊக்குகளைக் குத்தித்தான் முன்பக்கத்தை மூடவேண்டும். அதையும் கொடுத்தார்.

அன்று காலை அம்மாவுக்கு நானே உடுத்திவிட்டேன். கொண்டையைத் தூக்கிப் போட்டு, நெற்றிப் பொட்டைச் சின்னதாக்கினேன். கண்ணாடியில் பார்த்த அம்மா சட்டென்று திரும்பிக்கொண்டார். முந்தானை இல்லாமல் அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இடது கை தோளுக்குப் போகும், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும். தெருவில் இறங்கியதும் அம்மாவின் நீண்ட நடை சாரோங்குக்குள் ஒடுங்கிப்போனது. பேச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தி, சிட்டிப் பெண்களைக் கூப்பிடுவதுபோல் மரியாதையாக நோன்யா என்று கூப்பிட்டு, ஏற்றிக்கொண்டார். கோயிலில் தினமும் பார்க்கிற தமிழ் அம்மாள் ஒருவர் எதிரே வந்தார். அம்மாவை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, அடையாளம் தெரியாமல் போய்விட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று அம்மாவின் காதில் ஓதிக்கொண்டே போனேன்.

ஆபீசுக்கு வெளியே பெஞ்சில் தோட்டத்துப் பெண்கள் சேலையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய்வந்த ஒரு அம்மாள் சிரித்த முகமாக, பேர் கேட்டாரு, எத்தன பிள்ளைங்கன்னு கேட்டாரு, அவ்வளவுதான் போகச் சொல்லிட்டாரு என்றார். அடுத்தவருக்கும் அதேதான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இவர்களுக்கே இவ்வளவு சுலபம் என்றால் எங்களுக்குக் கேட்கவே வேண்டாம் என்று நினைத்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். நான் திறந்திருந்த கதவோரம் நின்றேன். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட, நடுத்தர வயதுள்ள மலாய்க்கார அதிகாரி. மனுவைப் பார்த்தார். சிட்டிகள் நிறைய இருக்கிற காஜா பெராங் முகவரி, இந்துப் பெயர், எதிரே சாரோங் கெபாயா. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நினைத்தது நடக்கிறது என்று பூரித்துப்போனேன்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். தானும் காஜா பெராங்குக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததாகவும், சின்ன வயசில் சிட்டி வீடுகளில் சாப்பிட்டே வளர்ந்ததாகவும் சொன்னார். உங்கள் வீடு கோயிலுக்கு எந்தப் பக்கம், இன்னாருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். நூற்றுக்கணக்கான வருஷமாக இங்கே இருக்கிறவர்கள் உங்கள் ஆட்கள், உங்களிடம் பிறப்புப் பத்திரம் இல்லாமல் போனது எப்படி என்றும் கேட்டார். எல்லாம் சொந்தக்காரரிடம் பேசுகிற வேகத்தில், வீட்டு மலாயில். பெஞ்சில் இருந்த பெண்களிடம் பேசியதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசவில்லை. எதற்குப் பேசவேண்டும்? சிட்டிப் பெண்ணுக்கு மலாய் தாய்மொழி.

அம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நான் மனப்பாடம் செய்ய வைத்த கேள்வி எதுவும் வரவில்லை. சிரித்தார். தலையை ஆட்டினார். கடைசியில், மூன்று பிள்ளைகள் என்று தனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார். பிள்ளைகளைப் பற்றி அதிகாரி கேட்கவே இல்லை.

அவர் பேச்சை நிறுத்தினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மனுவை ஒருமுறை பார்த்தார், அம்மாவை ஒருமுறை பார்த்தார். மலாய் தெரியாத சிட்டிப் பெண்ணை அவர் கண்டதில்லை. இது யார் என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது என்று கதவோரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

அவர் கெபாயாவைக் காட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"இனி பாஜு சியாப்பா பூஞா?"

இந்த உடுப்பு யாருடையது என்கிறார். சந்தையில் தினமும் புழங்குகிற சொற்கள். அம்மாவுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துகொண்ட சந்தோஷத்தில் அம்மா உண்மையைச் சொன்னார்.

"ஒராங் செபெலா பூஞா."

பக்கத்து வீட்டுக்காரருடையது. அதிகாரி ஃபைலை மூடிவிட்டார். அடுத்தவர் உடுப்பில் வந்திருக்கிறாய், அடுத்தவர் பேரிலும் வந்திருக்கிறாயா என்று கேட்டு, வாசலில் நின்ற சிப்பந்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஆள்மாறாட்டம் என்றால் ஜெயில். அது தெரிகிற அளவுக்கு நான் படித்திருந்தேன். அம்மாவுக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. ஃபைல் மூடியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே ஓடினேன். இவர் என் அம்மா, சிட்டி இல்லை, தமிழ்தான், தோட்டத்தில் பிறந்தவர், மனுவில் இருப்பதெல்லாம் உண்மை, உடுத்திவிட்டது நான் என்று மூச்சு விடாமல் மலாயில் கொட்டினேன். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஏன் உடுத்திவிட்டாய் என்று கேட்டார். ஒரே ஒரு கேள்வி. ஆயிரம் பதில் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு ஆசை என்று மக்சிக்கிடம் சொன்ன அதே பொய்யைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. சேலை கட்டினால் இவரைப் பார்க்க இப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கின இந்தியாக்காரி மாதிரி இருக்கும் என்றேன்.

பதற்றத்தில் சின்னச் சின்னச் சொற்களாகத்தான் சொன்னேன். சேலை, கப்பல், இந்தியா. அம்மாவுக்குத் தெரியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை. அன்று அந்த அறையில் பேசிய மலாயில் அவருக்கு முழுசாகப் புரிந்தது உடுப்பு யாருடையது என்ற கேள்வியும், பெற்ற மகள் சொன்ன இந்த வாக்கியமும்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிப்பந்தியை வெளியே போகச் சொன்னார். வேறொரு தேதியை எழுதிக் கொடுத்து, அம்மாவைப் பல வருஷமாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் சாட்சிக்குக் கூட வரட்டும், அம்மா அவருடைய சொந்த உடுப்பில் வரட்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

திரும்பும்போது அம்மா பேச்சாவில் ஏற மாட்டேன் என்றார். வெயிலில் நடந்தோம். தெங்கேரா போகிற சாலை பிரிகிற இடத்தில் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார்.

"கப்பல்ல வந்தவங்க மாதிரின்னியே. நான் அந்த ஊரப் பாத்ததே இல்ல. அங்க உள்ளவங்க எப்புடி இருப்பாங்க?"

நானும்தான் பார்த்ததில்லை. அந்த ஊரைப் பார்க்காத நான், அந்த ஊரைப் பார்க்காத அம்மாவை அந்த ஊர்க்காரி என்று ஒரு அந்நியரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா பதிலுக்குக் காத்திருந்துவிட்டு மறுபடி நடந்தார்.

கெபாயாவை அம்மாவே துவைத்து, கஞ்சி போடாமல் மெதுவாக இஸ்திரி போட்டு, மக்சிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நடந்ததைச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் மக்சிக் என்னை வேலியோரம் கூப்பிட்டார். திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். பொய் சொன்னதைப் பற்றி அவர் பேசவில்லை. கோயிலுக்குப் புதிதாக வருகிற தமிழர்கள் தன்னைப் பார்த்து, இந்த மலாய்க்காரிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறார்களாம். அவர்கள் கேட்பது தமிழில் என்பதால் தனக்குப் புரியாது என்ற தைரியமாம். அந்த ஒரு வாக்கியம் மட்டும் தனக்கு நன்றாகப் புரியும் என்றார். சேலை கட்டிக்கொள் என்று புருஷன்கூட ஒருமுறை சொன்னாராம். என்னைப் பெற்ற அம்மா கட்டின துணியை நான் ஏன் விடவேண்டும் என்று மறுத்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார்.

மறு தேதி வரும்வரை அம்மா தினமும் மக்சிக் வீட்டுக்குப் போனார். அங்கே மலாய் படிக்கிறார் என்று தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் இருந்த வாத்தியார் நான்தானே, என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று உள்ளுக்குள் குமைந்தேன். வெளியே கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்த நாள் வந்தது. பட்டுச் சேலை கட்டிக்கொள் என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை. சந்தைக்குக் கட்டிப்போகிற கட்டம் போட்ட நூல் சேலையையே கட்டினார். நெற்றியில் எப்போதும் வைக்கிற பெரிய பொட்டு. மக்சிக் தன் கெபாயாவில் வந்து வாசலில் நின்றார். சாட்சிக்குப் போகிற பெரியவர் அவர்தான். நானும் பள்ளிக்குப் போகாமல் தலைவாரித் தயாராக இருந்தேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, நீ வரவேண்டாம் என்றார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் நடந்து போனார்கள். அன்று காலை முழுவதும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து எனக்குக் கால் வலித்தது.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். முதலில் மக்சிக்கின் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பெருவிரல் ரேகை வைத்தாகிவிட்டது, பத்திரம் தபாலில் வரும் என்றார். அதிகாரி பேரையும் பிள்ளைகளையும் கேட்டுவிட்டுப் போதும் என்றாராம். அம்மா எழுந்திருக்கவில்லையாம். படித்தது வீணாகப் போகக்கூடாது என்று, தான் பிறந்த தோட்டம், வெட்டின மரம், அப்பாவைக் கட்டிக்கொண்டது, ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்றது எல்லாவற்றையும் மலாயில் சொன்னாராம். தப்பும் தவறுமாகத்தான். அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டாராம்.

என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத அம்மா, ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையில் பாதி எனக்கே தெரியாது. நான் கேட்டதே இல்லை. அதைப் பார்க்கும் பாக்கியம் எனக்கு இல்லாமல் போய்விட்டதே என்று ஆத்திரமாக வந்தது. மக்சிக் போனதும் அடுப்படிக்குப் போய், என்னை ஏன் கூட்டிப் போகவில்லை, நான் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் தைரியமாக இருந்திருக்காதா என்று கேட்டேன். நியாயம் கேட்கிற குரலில்தான் கேட்டேன். என் குணம் அப்படி.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தினார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் தணிந்த குரலில், ஏதோ தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னார்.

"ஆபீசர் என்ன கேப்பாருன்னு எனக்குப் பயமே இல்ல. நீ பக்கத்துல நின்னா, என்னப் பத்தி இன்னும் என்ன சொல்லிருவியோன்னுதான் பயமா இருந்துச்சு."

கப்பலுக்குப் பயந்தது எனக்குத் தெரியும். என்னைக் கண்டும் அம்மா பயந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா அரிசியை உலையில் போட்டுவிட்டு, தட்டு எடுத்துவை, சாப்பிடலாம் என்றார்.